டயருக்கு எத்தனை பிஎஸ்ஐ? சில்கா, ஸ்ராம் கணிப்பான்களும் பெர்ட்டோவின் 15 சதவீத முறையும்: ஒரு மதிப்பீடு

சைக்கிள் டயரின் பக்கவாட்டில் 'அதிகபட்சம் 100 பிஎஸ்ஐ' (பிஎஸ்ஐ என்பது காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) என்று அச்சிட்டிருந்தால், அவ்வளவும் அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது தாண்டக்கூடாத எல்லை மட்டுமே. 55 கிலோ ஆளும் 95 கிலோ ஆளும் அதே டயரைத்தான் வாங்குகிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரே எண் எப்படிப் பொருந்தும்? இதற்குப் பதில் சொல்ல இணையத்தில் இலவசக் கணிப்பான்கள் இருக்கின்றன. பரவலாகப் பேசப்படுபவை இரண்டு: பம்ப் தயாரிக்கும் சில்காவுடையது ஒன்று, கியர், சக்கரம் தயாரிக்கும் ஸ்ராமுடையது இன்னொன்று. இவற்றுக்கு முன்பே அமெரிக்கச் சைக்கிள் எழுத்தாளர் ஃபிராங்க் பெர்ட்டோ அளந்து பார்த்துப் போட்டுக்கொடுத்த 15 சதவீத வரைபடமும் உண்டு. ரோடு பைக்குக்கும், தினமும் வேலைக்குப் போய்வரும் சைக்கிளுக்கும் இந்த மூன்றில் எது எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதுதான் இங்கே பேச்சு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். குனிந்து ஓட்டும் ரோடு பைக் என்றால் சில்கா. ஹூக்லெஸ் ரிம் (டயரைப் பிடிக்கும் கொக்கி விளிம்பில் இல்லாதது) வைத்திருந்தால் ஸ்ராமைத் திறக்காமல் காற்று அடிக்காதீர்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, கேரியரில் பை மாட்டி ஓட்டுபவருக்கு இரண்டுமே பாதி வழிதான் வரும், மீதிக்குப் பெர்ட்டோதான். மூன்றில் எதை எடுத்தாலும், எடையையும் டயர் அகலத்தையும் தப்பாகக் கொடுத்தால் வருவது தப்பான எண்தான்.

'சரியான அழுத்தம்' என்று ஒன்று ஏன் இருக்கிறது என்று தெரிந்தால்தான் கணிப்பான் எதைக் கணிக்கிறது என்பது புரியும். டயர் உருளும்போது தரையைத் தொடும் இடத்தில் நசுங்கி, விலகியதும் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. நசுங்கி நிமிர்வதில் ரப்பரும் உள்ளே இருக்கும் நூல் அடுக்கும் சூடாகி, நாம் மிதித்த சக்தியில் கொஞ்சத்தைத் தின்றுவிடுகின்றன. காற்று குறையக் குறைய இந்த இழப்பு கூடும். வழுவழுப்பான இரும்பு உருளையில் வைத்துச் சோதித்தால் இது ஒன்றுதான் தெரியும். அதனால்தான் பல காலம் 110, 120 என்று கல் மாதிரி அடித்துக்கொண்டிருந்தார்கள். சாலை இரும்பு உருளை மாதிரி இல்லை. சிறு கல், வெடிப்பு, ஜல்லி முனை எதையும் டயர் விழுங்காவிட்டால் சைக்கிளும் ஆளும் சேர்ந்தே எகிற வேண்டியிருக்கிறது. அந்த அதிர்வு கை, தொடை, முதுகுத் தசைகளில் போய் வீணாகிறது. இந்த இரண்டாவது இழப்பு காற்று கூடக் கூட ஏறும், அதுவும் ஒரு கட்டத்துக்கு மேல் திடீரென்று ஏறும். இரண்டும் சேர்ந்து மிகக் குறைவாக இருக்கும் புள்ளிதான் நாம் தேடுவது. அந்தப் புள்ளிக்கு 5 பிஎஸ்ஐ கீழே இருந்தால் நஷ்டம் கொஞ்சம்தான். 5 பிஎஸ்ஐ மேலே போனால் நஷ்டம் அதைவிடப் பெரியது. சந்தேகம் வந்தால் குறைவான பக்கம் சாய்வது ஏன் நல்லது என்பதற்கு இதுதான் காரணம். டியூப் போட்டவர்களுக்கு மட்டும் இதில் ஒரு விலக்கு உண்டு, பின்னால் வருகிறேன்.

சில்கா 1917-ல் மிலானில் தொடங்கிய நிறுவனம். 2013-ல் அதை வாங்கிய ஜாஷ் போர்ட்னர் அதற்கு முன் ஜிப் சக்கர நிறுவனத்தில் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்தவர். மேலே சொன்ன இரண்டாவது இழப்பைப் பற்றி விடாமல் பேசி வருபவரும் அவர்தான். அதனால் அவர்கள் கணிப்பானில் சாலையின் தன்மைக்குத் தனி இடம் இருக்கிறது. புதிதாகப் போட்ட தார்ச்சாலையில் ஆரம்பித்து, தேய்ந்த சாலை, பெயர்ந்த சாலை, கல் பாவிய தெரு, சரளை என்று படிப்படியாக இறங்கும். அதோடு மொத்த எடை, டயரின் அளந்த அகலம், சக்கர விட்டம், டயர் வகை, சராசரி வேகம், முன் பின் எடைப் பங்கீடு எல்லாம் கேட்கும்.

இந்தக் கணிப்பானின் பெரிய பலம், கேட்கவேண்டியதைச் சரியாகக் கேட்கிறது என்பதுதான். அது கேட்பது உங்கள் எடையை மட்டும் இல்லை. ஆள், சைக்கிள், தண்ணீர் பாட்டில், பை, பூட்டு எல்லாம் சேர்ந்த எடை. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 80 கிலோ ஆள், 16 கிலோ சைக்கிள், 14 கிலோ சாமான் என்றால் மொத்தம் 110. அங்கே 80 என்று போட்டால் வரும் எண் கால் பங்குக்கும் மேல் குறைந்துவிடும். அந்தக் காற்றோடு முதல் குழியில் இறங்கினாலே ரிம் இடித்து டியூப் போய்விடும். பிறகு பழி கணிப்பான் மேல் விழும்.

அகலமும் அப்படித்தான். டயரில் 28-622 என்று எழுதியிருந்தால் 28 என்பது பெயரளவு அகலம், 622 என்பது டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். அந்த 28 உள் அகலம் கூடிய இன்றைய ரிம்மில் ஏறினால் 30 ஆகிவிடும். ஒடுக்கமான பழைய ரிம்மில் 27-தான் இருக்கும். 28-க்கும் 32-க்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 3 பிஎஸ்ஐ மாறும் என்பதால், 2 மி.மீ. தவறு 6 பிஎஸ்ஐ தவறாக வந்து நிற்கும். புது டயரை மாட்டிக் காற்று அடித்து, ஒரு நாள் விட்டு, வெர்னியர் காலிப்பரால் மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். ஒரு நாள் விடச் சொல்வது டயர் முதல் நாளில் கொஞ்சம் விரியும் என்பதால். காலிப்பரின் தாடைகள் டயரை அழுத்தாமல் உரசிக்கொண்டு மட்டும் நிற்கவேண்டும். இரண்டு பக்கமும் இலேசாகத் தேய்த்துக்கொண்டு வழுக்கி வந்தால் அந்த அளவு சரி.

சில்காவில் எனக்குக் குறையாகப் படுவது இரண்டு. முதலாவது, அது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் கொடுக்கும் வித்தியாசம் சில பிஎஸ்ஐதான். ஹேண்டில்பாரில் கை நன்றாக ஊன்றிக் குனிந்து ஓட்டுபவருக்கு அது சரியாகவே இருக்கும். நிமிர்ந்து உட்காருபவரின் எடை பெரும்பாலும் பின் சக்கரத்தில்தான் விழுகிறது, கேரியர் பை அதை இன்னும் பின்னுக்குத் தள்ளும். அவருக்கு இந்தக் கணிப்பான் சொல்லும் முன் சக்கர அழுத்தம் கல்லாகவும், பின் சக்கர அழுத்தம் தொளதொளவென்றும் இருக்கும்.

இரண்டாவது குறைதான் முக்கியமானது. அது தேடுவது வேகமான அழுத்தத்தை. சாலை மோசம் என்று தேர்ந்தெடுத்தால் எண் குறையும், ஏனென்றால் அதிர்வைக் குறைப்பதுதான் அங்கே வேகம். டியூப்லெஸ் டயருக்கு அது நன்றாகவே பொருந்தும். டியூப் போட்ட டயரில், குழி நிறைந்த சாலைக்கென்று காற்றைக் குறைத்தால், குழியின் விளிம்பில் மோதும்போது டயர் முழுக்க நசுங்கி, டியூப் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். பஞ்சரான டியூபில் இப்படி ஜோடி ஓட்டை கண்டால் முள்ளையோ ஆணியையோ தேடாதீர்கள், காற்றுதான் குறைவு. டியூப்காரர்கள் மோசமான சாலைக்குப் போகவேண்டியிருந்தால் கணிப்பானில் 'தேய்ந்த தார்ச்சாலை'க்குக் கீழே இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து. சொகுசு வேண்டுமென்றால் ஃபிரேமிலும் பிரேக்கிலும் இடம் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு அளவு அகலமான டயருக்கு மாறுங்கள்.

ஸ்ராம் கணிப்பான் கேட்கும் கேள்விகளில் ஒரு படி அதிகம். ஆள் எடை, சைக்கிள் எடை இரண்டையும் தனித்தனியாகக் கேட்பதால் மேலே சொன்ன 80 கிலோ தவறு இங்கே நடக்க வாய்ப்பு குறைவு. ஆனால் சுமக்கும் சாமானுக்குத் தனிக் கட்டம் கிடையாது, சைக்கிள் எடையில் நீங்களேதான் சேர்க்கவேண்டும். ரிம்மின் உள் அகலம், டயர் உறையின் தடிமன், சாலை ஈரமா உலர்ந்ததா என்பதையும் கேட்கிறது. ஈரத்தில் கொஞ்சம் குறைத்து ஓட்டினால் பிடிமானம் கூடும் என்பது அனுபவசாலிகள் எல்லாரும் செய்வதுதான். அதை ஒரு தேர்வாகவே வைத்திருப்பது நல்ல விஷயம்.

ஸ்ராமைத் திறக்க உண்மையான காரணம் ரிம் வகை. விளிம்பில் கொக்கி இல்லாத ஹூக்லெஸ் ரிம்மில் ரோடு டயருக்கு எல்லை 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐ. அதற்கு மேல் அடித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்று தெறிக்கும் ஆபத்து உண்டு. ஓடும்போது கழன்றால் நேராகத் தரையில்தான். இது வெறும் பரிந்துரை எண் இல்லை, பாதுகாப்பு எல்லை. உங்கள் எடைக்கும் டயருக்கும் எந்தக் கணிப்பானாவது 78 என்று சொன்னால், '72 அடித்து ஓட்டிவிடலாம்' என்று சமாளிக்க வேண்டாம். அந்த டயர் உங்கள் எடைக்கு ஒடுக்கம். 30 அல்லது 32-க்குப் போங்கள், டயரில் ஹூக்லெஸ் ரிம்முக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். கொக்கி உள்ள ரிம்மிலும் ஒரு எல்லை எழுதியிருக்கும். டயர் 110 என்று சொல்லி, ரிம் 90 என்று சொன்னால் 90-தான் கணக்கு. பம்பின் கேஜ் (அழுத்தமானி) தப்பாகக் காட்டக்கூடும் என்பதால் அதற்கும் சில பிஎஸ்ஐ கீழேயே நிறுத்துங்கள்.

ஸ்ராமின் பலவீனமும் சில்காவின் பலவீனம்தான். ரேஸ், சரளை, மலைப்பாதை ஓட்டுபவர்களை மனதில் வைத்துச் செய்தது. 47 மி.மீ. டயர், கேரியர், மட்கார்டு, பின்னால் 12 கிலோ பை என்று இருக்கும் சைக்கிளுக்கு அதில் பொருத்தமான இடம் இல்லை.

இனி பெர்ட்டோ. டயர் எவ்வளவு அமுங்கவேண்டும் என்பதிலிருந்து இவர் ஆரம்பிக்கிறார். ஆள் உட்கார்ந்தபோது டயரின் உயரம் 15 சதவீதம் குறையவேண்டும், அவ்வளவுதான் விதி. 28 மி.மீ. டயர் என்றால் 4 மி.மீ. சொச்சம், 40 மி.மீ. என்றால் 6 மி.மீ. ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் விழும் எடைக்கு எத்தனை பிஎஸ்ஐ அடித்தால் இந்த 15 சதவீதம் வரும் என்று ஒவ்வொரு அகலத்துக்கும் ஒரு கோடு வரைந்திருக்கிறார். அந்த வரைபடம் 20 முதல் 37 மி.மீ. வரை போகும். சக்கரத்துக்குச் சக்கரம் எடையைத் தனியாகப் பார்ப்பதுதான் இதன் உயிர். தினசரி ஓட்டுபவருக்கு மற்ற இரண்டும் தராதது இதுதான்.

எடையைப் பிரித்துப் பார்க்க வீட்டில் எடை போடும் மெஷின் ஒன்று போதும். முன் சக்கரத்தை மெஷின் மேல் வையுங்கள். பின் சக்கரத்துக்குக் கீழே அதே உயரத்துக்குப் பலகையோ பழைய புத்தகங்களோ கொடுங்கள். உயரம் சமமாக இல்லாவிட்டால் எடை ஒரு பக்கம் சாய்ந்து தப்பாக வரும். வழக்கமான பையை வழக்கமான இடத்தில் மாட்டி, சீட்டில் ஏறி, ஓட்டும்போது கை எங்கே இருக்குமோ அங்கேயே வைத்து உட்காருங்கள். விழாமல் இருக்கச் சுவரில் ஒரு முழங்கை தொட்டால் போதும், சாய்ந்துவிடக்கூடாது. எண்ணை இன்னொருவர் படிக்கட்டும், நீங்களே குனிந்து பார்த்தால் எடை முன்னுக்குப் போய்விடும். பிறகு மெஷினைப் பின் சக்கரத்துக்கு மாற்றி அதே மாதிரி. இரண்டு எண்களையும் கூட்டினால் மொத்த எடையோடு 2 கிலோவுக்குள் ஒத்துப்போக வேண்டும். போகவில்லையென்றால் எங்கேயோ சாய்ந்திருக்கிறீர்கள், திரும்ப எடுங்கள்.

ஒரு சக்கரத்தின் மேல் 45 கிலோ விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். டியூப் போட்ட டயருக்கு, ஓரளவு நல்ல தார்ச்சாலையில், ஆரம்பிக்கத் தகுந்த எண்கள் இவை: அளந்த அகலம் 25 என்றால் 85 பிஎஸ்ஐ, 28-க்கு 70, 32-க்கு 57, 35-க்கு 50, 40-க்கு 42, 47-க்கு 35. எடை கூடினால் அழுத்தமும் அதே விகிதத்தில் கூடும் என்று எடுத்துக்கொள்ளலாம். மேலே பார்த்த 110 கிலோவில் பின் சக்கரத்தில் 68, முன் சக்கரத்தில் 42 விழுகிறது, டயர் 40 மி.மீ. என்றால்: பின்னால் 42-ஐ 68-ஆல் பெருக்கி 45-ஆல் வகுக்க 63 பிஎஸ்ஐ. முன்னால் அதே கணக்கில் 39. இரண்டு சக்கரத்துக்கும் 24 பிஎஸ்ஐ வித்தியாசம்! 'ரெண்டு வீலுக்கும் 60 அடிச்சிடுங்க' என்று சொல்லிக் காற்று அடித்துக்கொண்டு போகும் சைக்கிள்களில் கை மரத்துப்போவதற்கும், பின் டியூப் மட்டும் அடிக்கடி போவதற்கும் காரணம் இங்கேயே இருக்கிறது.

முன் சக்கர எண்ணில் ஒரு திருத்தம் வேண்டும். பிரேக் பிடித்தால் எடை முன்னால் பாயும். நின்றுகொண்டிருக்கும்போது அளந்த 42 கிலோ அந்த நேரத்தில் 42 ஆக இருக்காது. அதனால் 39 என்று வந்ததை 43 ஆக்கிக்கொள்ளுங்கள். பெர்ட்டோவின் முறையை அப்படியே பின்பற்றிய சிலர் 'இறக்கத்தில் முன்னால் தள்ளாடுகிறது' என்று சொல்வது இதைச் செய்யாததால்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். பஞ்சர் தாங்கும் தடித்த டயர்களில் குறைந்தபட்ச அழுத்தமும் அச்சிட்டிருக்கும். கணக்கு அதற்குக் கீழே வந்தால் அச்சிட்டதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

வரைபடத்தின் குறை, அதற்குச் சாலையும் தெரியாது, டயர் உறை மெல்லியதா தடித்ததா என்பதும் தெரியாது. ஆனால் அமுங்குவதை நேரடியாக அளந்தால் உறைத் தடிமன் தானாகவே கணக்கில் வந்துவிடும். ஆள் இல்லாமல் ரிம்மின் அடி விளிம்புக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்து, ஆள் ஏறி உட்கார்ந்ததும் இன்னொருவர் அதே இடத்தில் அளக்கவேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை டயர் அகலத்தோடு ஒப்பிடுங்கள். தடித்த டயர் ஒரே காற்றில் குறைவாகத்தான் அமுங்கும்.

எந்த முறையில் எண் கிடைத்தாலும் அதை டயருக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது கேஜ்தான். கணிப்பான்கள் ஒரு பிஎஸ்ஐக்கும் கீழே துல்லியம் காட்டுகின்றன. பம்பின் அடியில் இருக்கும் முள் கேஜுக்கு அந்தத் துல்லியம் கிடையாது. 160 பிஎஸ்ஐ வரை காட்டும் கேஜில் முழு அளவில் 3 சதவீதம் பிழை என்றால் அது கிட்டத்தட்ட 5 பிஎஸ்ஐ. 100 அடிக்கும்போது 5 என்பது சின்ன விஷயம். 40 அடிக்கும்போது அதே 5 எட்டில் ஒரு பங்கு. அகலமான டயர் வைத்திருப்பவர்கள் 160 வரை போகும் பம்பைத் தேடுவதில் அர்த்தமே இல்லை, 60 அல்லது 80 வரை காட்டும் கேஜ் இருந்தால் அதே முள் இரண்டு மடங்கு நகரும், படிக்கவும் எளிது.

பம்பின் உருளை விட்டமும் பார்த்து வாங்கவேண்டிய விஷயம். உள் விட்டம் 30 மி.மீ. உருளையில் 100 பிஎஸ்ஐ அடிக்கக் கைப்பிடியில் ஏறக்குறைய 50 கிலோ அழுத்தம் கொடுக்கவேண்டும். 38 மி.மீ. உருளையில் அதே 100-க்கு 80 கிலோ வேண்டும், 60 கிலோ ஆளால் முடியாது. அந்தத் தடித்த உருளை 40, 50 பிஎஸ்ஐ அடிக்கும் அகல டயருக்கு அருமை, குறைந்த அடியில் வேலை முடியும். ரோடு பைக்குக்கு ஒல்லி உருளை, அகல டயருக்குத் தடித்த உருளை.

கேஜைப் படிப்பதிலும் வால்வுக்கு வால்வு வித்தியாசம் உண்டு. ஒல்லியான பிரஸ்டா வால்வில் மேலே உள்ள சின்ன நட்டைத் தளர்த்தி, ஒரு தட்டு தட்டிக் காற்று 'புஸ்' என்று வந்த பிறகுதான் பம்பை மாட்டவேண்டும். இல்லையென்றால் ஒட்டிக்கொண்டிருக்கும் வால்வை எதிர்த்தே அடித்துக்கொண்டிருப்பீர்கள். மாட்டியதும் முள் பூஜ்யத்தில் நிற்கும், டயரில் 60 இருந்தாலும் கூட. அது பம்பு ஓஸில் இருக்கும் அழுத்தம். முதல் அடியில் முள் விறுவிறுவென்று ஏறி, ஒரு இடத்தில் தயங்கி, அதற்கப்புறம் மெதுவாகும். அந்தத் தயக்கம்தான் வால்வு திறந்த இடம், டயரில் ஏற்கெனவே இருந்த அழுத்தம். கைப்பிடியை அழுத்தும்போது முள் எகிறிக் காட்டுவதை எடுத்துக்கொள்ளாமல், விட்ட பிறகு நின்று நிலைத்ததைப் படியுங்கள். பம்பைக் கழற்றும்போது வரும் 'டஷ்' சத்தம் ஓஸில் இருந்த காற்று. டயர் காற்று போய்விட்டதே என்று பதறி 5 பிஎஸ்ஐ கூட்டி அடிக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது, தேவையே இல்லை.

கார் டயரில் இருப்பதைப் போன்ற ஷ்ரேடர் வால்வில் பம்பின் தலை நடு ஊசியை அழுத்திப் பிடிக்கும் என்பதால் கேஜ் டயரையே படிக்கும், மாட்டியதும் முள் எழுந்துவிடும். சாதாரண சைக்கிளில் வரும், ரப்பர் வால்டியூப் போட்ட டன்லப் வால்வுதான் சிக்கல். ரப்பரைத் தள்ளிக்கொண்டு போகவே கூடுதல் அழுத்தம் வேண்டும். அதனால் அடிக்கும்போது கேஜ் காட்டுவது டயரில் இருப்பதைவிட அதிகம். வெளியிலிருந்து அளக்கவும் வழியில்லை. இந்த வால்வு வைத்துக்கொண்டு 43-க்கும் 46-க்கும் கணக்குப் பார்ப்பது வீண் வேலை. அமுங்கும் அளவை ஸ்கேலால் பார்த்துக்கொள்ளுங்கள், அடுத்த டியூப் மாற்றும்போது ஷ்ரேடருக்குப் போங்கள். ரிம் துளை பெரும்பாலும் ஒத்துப்போகும், ஒரு முறை மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

காற்றை வெளியேற்றும் பொத்தான் உள்ள தனி டிஜிட்டல் கேஜ் வாங்கினால் இந்தத் தலைவலி பாதி தீரும். வேண்டியதைவிட 3, 4 பிஎஸ்ஐ கூட்டி அடித்துவிட்டு, கேஜை மாட்டிப் பொத்தானை விட்டுவிட்டு அழுத்தி இறக்கிக்கொண்டு வருவதுதான் சுலபமான முறை. மாட்டும் முன் திரையில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். அது 2 பிஎஸ்ஐ தப்பாகவே காட்டினாலும் பரவாயில்லை, எப்போதும் அதே 2 தப்பாகக் காட்டினால் போதும். அதனால் ஒரே கேஜையே பயன்படுத்துங்கள். டியூப்லெஸ் டயரில் அளக்கும் முன் வால்வை மேலே வரும்படி சுழற்றி ஒரு நிமிடம் விடுங்கள். கீழே வைத்து அளந்தால் ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றியிருக்கும் சீலன்ட் திரவம் கேஜுக்குள் ஏறி அடைத்துவிடும். பையில் போடும் மின்சாரக் குட்டிப் பம்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை: அவை காற்றைச் சூடாக்கி அனுப்புகின்றன, நிறுத்தியதும் காட்டும் எண் பத்து நிமிடத்தில் இறங்கும். பிளாஸ்டிக் வால்வு உள்ள டிபியு (ரப்பருக்குப் பதில் மெல்லிய பிளாஸ்டிக்கால் செய்தது) டியூபில் நேராகச் செருகி அடித்தால் அந்தச் சூட்டில் வால்வே கெட்டுப்போகும், ஓஸ் மாட்டித்தான் அடிக்கவேண்டும்.

எண் கிடைத்து, காற்றும் அடித்தாயிற்று. இனி சாலையில் சரிபார்ப்பது. வழக்கமாகப் போகும் ஒரே பாதையில், ஒரே வேகத்தில், மூன்று மூன்று பிஎஸ்ஐயாக இறக்கிப் பாருங்கள். பாட்டில் கூடு கடகடவென்று ஆடுவது, பெயர்ந்த சாலையில் பிரேக் பிடித்தால் பின் சக்கரம் துள்ளுவது, உள்ளங்கை மரத்துப்போவது மூன்றும் காற்று அதிகம் என்பதன் அடையாளம். வளைவில் ஹேண்டில்பார் சொன்னதற்கு அரை நொடி தாமதமாக வண்டி திரும்புவது போல இருந்தால், எழுந்து மிதிக்கும்போது பின்பக்கம் துவண்டால், சின்ன விளிம்பிலேயே 'டொக்' என்று ரிம் இடித்தால் குறைவு. சில வாரத்தில் தெரியும் அடையாளங்களும் உண்டு. டயரின் நடுக்கோடு மட்டும் தட்டையாகத் தேய்ந்தால் காற்று அதிகமாக ஓடியிருக்கிறது. பக்கவாட்டில் சாய்வான வெடிப்புகள் வரிசையாக விழுந்தால் குறைவாகவே ஓடியிருக்கிறது. நேராக நிற்கவேண்டிய வால்வு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், காற்று போதாமல் டயர் ரிம்மின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து டியூபையும் இழுத்திருக்கிறது. அப்படியே விட்டால் வால்வு அடியில் கிழியும். காற்றை முழுக்க இறக்கி, டயரைக் கையால் பிடித்துத் தள்ளி வால்வை நேராக்கிவிட்டு, முன்பைவிட 5 பிஎஸ்ஐ கூட்டி அடியுங்கள்.

வெயிலில் நிறுத்திவிட்டு அளந்தால் ஏமாந்துபோவீர்கள். 60 பிஎஸ்ஐ டயரில் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் இரண்டரை பிஎஸ்ஐ கூடும், குறைந்தால் அதே அளவு குறையும். காலையில் நிழலில், ஓட்டுவதற்கு முன் அளப்பதுதான் முறை. சாதாரண பியூட்டைல் டியூப் என்றால் வாரம் ஒரு முறை. லேடெக்ஸ் டியூப் ஒரே நாளில் 10 பிஎஸ்ஐக்கு மேல் விடும், ஆகவே ஒவ்வொரு முறை கிளம்பும்போதும். வழியில் பஞ்சராகி கார்பன் டை ஆக்சைடு குப்பியால் நிரப்பியிருந்தால் அது பியூட்டைல் வழியாகவும் சீக்கிரம் கசியும். வீடு வந்ததும் முழுக்க இறக்கிவிட்டுப் பம்பால் அடித்துக்கொள்ளுங்கள். முன், பின் இரண்டு எண்களையும் ஒரு துண்டு டேப்பில் எழுதி சீட் தண்டின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள், கூடவே டயரின் அளந்த அகலத்தையும். டயர் மாற்றும் அன்று அந்த மூன்றும் செல்லாது.